முத்துலிங்கம் பெயரில் ஒரு கிண்ணம்

கலஹாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அங்கம்மாவைத் தெரியாதவர் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசுக்காரன் கையைத் தட்டிவிட்டுத் தானே முள்ளைப் பார்ப்பவள். அவள் புருஷன் முத்துலிங்கம் அப்படியில்லை. யார் கூப்பிட்டாலும் போவான். வருஷா வருஷம் தோட்டத்து ரோட்டில் மலையேற்றக் கார் ரேஸ் நடக்கும். ஒரு மஞ்சள் சட்டைக்கும் சோற்றுப் பார்சலுக்கும் கோயில் வளைவில் கொடி பிடித்து நிற்பான்.

போன வருஷமும் நின்றான். சறுக்கி வந்த கார், வளைவில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதியது. காரைத் தடுக்கத்தான் டயர். ஒன்றோடொன்று கட்டாத டயர் எதைத் தடுக்கும்? சிதறிப் பறந்ததில் ஒன்று முத்துலிங்கத்தின் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே ஆள் முடிந்துவிட்டான். கார் ஓட்டியவனுக்கு ஒரு கீறல் இல்லை. அவனுக்குத் தலைக்கவசம், இருக்கைப் பட்டி, இரும்புக்கூடு எல்லாம் இருந்தது. கொடி பிடித்தவனுக்கு மஞ்சள் சட்டை இருந்தது.

செத்த வீட்டுக்கு மாலையோடு வந்த பெரிய மனிதர்கள் விதி என்றார்கள். விதியா வந்து டயரைக் கட்டாமல் அடுக்கியது?

இந்த வருஷம், ரேஸ் நடத்தும் ரிஸ்மி அவள் குடியிருக்கும் லயத்துக்கே வந்தார். அலவத்துகொடயில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். முதல் பரிசுக்கு முத்துலிங்கம் ஞாபகார்த்தக் கிண்ணம் என்று பெயர் வைத்திருப்பதாகவும், அங்கம்மாதான் மேடையேறிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு சேலையும் வைத்துவிட்டுப் போனார். புருஷன் பெயர் நாலு பேர் வாயில் வரட்டும் என்று அவளும் சரி என்றாள்.

ஞாயிறு காலை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடைக்கு நடந்தவள், கோயில் வளைவில் நின்றுவிட்டாள். அப்பன் நின்ற அதே இடத்தில், அதே மஞ்சள் சட்டையில், மகன் நிரோஷன். கண்டியில் துணிக்கடையில் வேலை செய்பவன், லீவு போட்டு வந்து அந்த இடத்தைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறான். அப்பாவுக்குச் செய்யும் மரியாதையாம்.

அவனுக்கு முன்னால் டயர்கள். அங்கம்மா மேல் டயரைக் காலால் தள்ளினாள். அது பாட்டுக்கு உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது.

அவள் நடுரோட்டில் உட்கார்ந்தாள்.

கீழே கார்கள் உறுமின. ஒலிபெருக்கி அவளை வழிவிடச் சொன்னது. ரிஸ்மி ஓடி வந்தார்.

"அக்கா, எழும்புங்க. ஆக்கள் எல்லாம் பாத்துட்டு நிக்கிறாங்க."

"டயரக் கட்டுங்க, எழும்புறேன்."

அது முடியாது என்று ரிஸ்மி விளக்கினார். நாவலப்பிட்டி டயர் கடைக்காரன் இரவல் தந்தது. பின்னேரமே லொறியில் ஏற்ற வேண்டும். கம்பி போட்டு முறுக்கினால் அவிழ்க்கவே ஒரு நாள் போகும். அதற்குள் மழை பெய்து டயரில் தண்ணீர் நின்றால், நுளம்பு பெருகி டெங்கு பரவும் என்று சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார்.

"நொளம்புக்குப் பயப்படுறீங்க," என்றாள் அங்கம்மா. "எம்புருசனக் கொன்னது நொளம்பா?"

கொழுந்துக்காரிகள் நாலைந்து பேர் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பொம்பளைகளைத் தொட்டுத் தூக்கத் தன்னால் ஏலாது என்று ஒதுங்கிக்கொண்டார். கம்பி எடுத்து வர யாரும் கண்டிக்குப் போகவில்லை. அதைவிட ரேஸை நிறுத்துவது அவர்களுக்கு லேசாக இருந்தது. மத்தியானத்தோடு கார்கள் இறங்கிப் போயின. கிண்ணமும் வந்த பெட்டியிலேயே போனது.

தோட்டத்துப் பொடியன்கள் லயத்து வாசல் வரை வந்து ஏசினார்கள். வருஷத்தில் ஒரு நாள் வரும் வேடிக்கையைக் கிழவி கெடுத்துவிட்டாள் என்று. நிரோஷன் மஞ்சள் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அப்பா பேர்ல வச்சத நீயே கெடுத்துட்டியேம்மா. ஊரே திட்டுது."

அங்கம்மா சோற்றைப் போட்டு அவன் முன்னால் தட்டைத் தள்ளினாள்.

"திட்டட்டும். நீயும் திட்டு. உசிரோட இருந்து திட்டு."