வேண்டாம் ஐயாவின் ஒரு ஓட்டு

விதைக்கடை நடத்தும் அந்த எம்.எல்.ஏ.வை ஊரும் சட்டமன்றமும் ‘வேண்டாம் ஐயா’ என்றே அழைத்தன. புது வரியா, வேண்டாம். புதுச் செலவா, வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாகச் சபை மேசைமேல் இருந்த, எதிர்ப்பு ஓட்டுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தியே ஐந்து தேர்தல்களில் ஜெயித்த மனிதர். வயல்காட்டு மக்களுக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. அரசாங்கம் எட்டி நின்றாலே போதும் என்பது அவர்கள் எண்ணம்.

அன்று காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடாமலிருக்கப் பணம் ஒதுக்கும் மசோதா வருகிறது. மூடினால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். அந்த வார்டில் நர்ஸ் அவருடைய மகள்தான்.

“இந்த ஒரு தடவை பச்சையை அழுத்துங்கப்பா” என்று கேட்டிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கட்சியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நடைக்கூடத்தில் நடந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

மசோதாவை வாசித்தார்கள். ‘செலவு’ என்ற சொல் காதில் விழுந்ததும் விரல் தன் பாட்டுக்குப் போய்ச் சிவப்பை அழுத்திவிட்டது. பாழாய்ப்போன விரல். ஒரே ஓட்டில் மசோதா தோற்றது.

“நீங்க அசையமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்” என்று கட்சிக்காரர் ஒருவர் முதுகில் தட்டினார்.

சபை கலைவதற்குள் எழுந்து, தவறி அழுத்திவிட்டேன் என்று சொன்னால் ஓட்டைத் திருத்திக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் மூன்று மாதத்தில் தேர்தல். பொத்தான்கூடத் தெரியாத கிழவர் என்று எதிர்க்கட்சி சிரிக்கும். கடைசிக் காலத்தில் மாறிவிட்டார் என்று சொந்தக் கட்சி காறித் துப்பும். பாதி எழுந்தார், உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு ஒரேயடியாக எழுந்து வெளியே போய்விட்டார்.

டிவியில் ஓட்டெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் போனில் வந்தாள்.

“அப்பா, கை தவறிடுச்சா?”

உள்ளே சபாநாயகர் கடைசி அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருந்தது. முதுகில் தட்டியவர் கதவருகே நின்று இவரைப் பார்த்துச் சிரித்தார்.

“இல்லம்மா. யோசிச்சுதான் அழுத்தினேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.”



“சரிப்பா. கை தவறித்தான் இருக்கும், இப்ப எழுந்து சொல்லிடுவார்னு இங்க வார்டுல வேலை பார்க்கிற எல்லாரையும் வீட்டுக்குப் போகவிடாம நிறுத்தி வெச்சிருக்கேன். போகச் சொல்லிடறேன்.”