அறையில் இல்லாதவள்

வெள்ளம் வந்த வருஷம், வெர்லீன் ப்ரூயிட் தன் ஃப்ரீசரில் இருந்த மான்கறியையெல்லாம் தெருவுக்குப் பங்கு வைத்துவிட்டு, செத்துப்போன புருஷனின் காகிதங்களை அதற்குள் அடுக்கினாள். நனைந்த காகிதத்தை வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உறையவைத்தால் பிழைக்கும் என்று ரேடியோவில் யாரோ சொல்லியிருந்தார்கள். நாஷ்வில்லை ஒட்டிய மேடிசனில் பாதி வீடுகள் ஊறிப்போன கம்பளத்தைக் கிழித்துத் தெருவில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவள் கறி சுற்றுகிற மெழுகுத்தாளில் வருஷம் எழுதிய பழைய காகிதக் கட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஓலெட்டா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "ராத்திரிக்கு என்ன சமையல் வெர்லீன்? எழுபத்திரண்டாம் வருஷத்தப் பொரிக்கப் போறியா?"

"பொரிச்சாலும் வேகாது. அவ்ளோ கட்டை" என்றாள் வெர்லீன்.

புருஷன் மேல் இத்தனை ஆசையா என்று தெரு வியந்தது. ஆசையாவது ஒன்றாவது. அந்தக் கட்டுகளுக்குள் எங்கோ ஒரே ஒரு தாள் இருந்தது. எதில் என்று தெரியாததால் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

டார்சி ப்ரூயிட் நாஷ்வில்லில் ஒரு இசை வாரப் பத்திரிகையில் பத்தி எழுதியவன். பகலில் பாடகர்களைப் புகழ்ந்து எழுதுவான். சாயங்காலம் அதே பாடகர்களிடம் போய்த் தன் பாட்டை நீட்டுவான். அந்த ஊரில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அங்கே பல் டாக்டரும் பாட்டு எழுதுவார், பாதிரியாரும் எழுதுவார். வெர்லீன் ஸ்மித்வில்லிலிருந்து வந்து அந்தப் பத்திரிகையில் தட்டச்சு வேலையில் சேர்ந்தாள். கோழி கிளறியது போன்ற அவன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அலுவலகத்திலேயே அவள் ஒருத்திதான். கல்யாணம் அப்படித்தான் நடந்தது. அவன் எழுதுவான், அவள் தட்டச்சு செய்வாள். போகிற போக்கில் தொங்குகிற வாக்கியங்களை இழுத்துக் கட்டிவிடுவாள். டார்சியின் நடையே நடை என்று ஊர் சொல்லும்போது அவள் காபி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறக்கிற நேரத்தில் அறைக்குள் யார் இருந்தாலும் அவருக்கும் அதில் சம பங்கு, பேரும் சேர்ந்து வரும். ஒருவன் முழுப் பாட்டையும் எழுதியிருக்கலாம், இன்னொருவன் ஒற்றைச் சொல்லோடு நின்றிருக்கலாம். கணக்குப் பார்ப்பது அசிங்கம். இந்த நல்ல வழக்கத்தை டார்சி ஒருநாளும் மீறியதில்லை. வெர்லீன் வாயிலிருந்து ஏதாவது நல்ல வாக்கியம் விழுந்தால் சட்டென்று எழுந்து வெளியே போய்விடுவான், அவ்வளவுதான். வாசலில் நிற்கிற ட்ரக்கில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வான். முதலிரண்டு வருஷம் சிகரெட் பிடிக்கப் போகிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்குள் புகை ஆகாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சொன்னதைக் கேட்கிற புருஷன் என்று உள்ளூரப் பெருமை வேறு.

அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. இறந்துதான் பிறந்தது. தாய் பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்று அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் காட்டமாட்டார்கள். டார்சி ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டான், அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். வெர்லீன் மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லைல் என்று பேர் வைத்திருந்தாள். அவளுக்கும் டார்சிக்கும் தவிர யாருக்கும் அந்தப் பேர் தெரியாது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், டார்சியின் சிநேகிதன் ஹாய்ட் பேர்ட்வெல் துக்கம் விசாரிக்க வந்தான். ஸ்டீல் கித்தார் வாசிப்பவன். பெட்ரோல் பங்கில் வாங்கிய பூங்கொத்து கையில், மூக்குமுட்டக் குடி வயிற்றில். அந்த நிலையில் அவள் முகத்தில் விழிக்கக் கூசி, டார்சியின் ட்ரக்கிலேயே பூவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். சமையலறையில் வெர்லீன் ஒரு தம்ளரைக் கழுவிக்கொண்டே, யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்: "பேர் வெச்சேன், முகம் பாக்கல."

டார்சி எழுந்து வெளியே போனான்.

வாரக் கடைசியில் தட்டச்சு செய்வதற்கு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். போர்முனையில் இருக்கிற ஒரு சிப்பாய், ஊரில் பிறந்த தன் பிள்ளைக்குப் பாடுகிற பாட்டு. ஒவ்வொரு சரணமும் அந்த ஒரே வரியில் போய் முடிந்தது. கடைசிச் சரணத்தில் சிப்பாய் செத்துப்போகிறான். கீழே, சொல்லும் இசையும்: டார்சி ப்ரூயிட், ஹாய்ட் பேர்ட்வெல்.

வெர்லீன் பிழையில்லாமல் தட்டச்சு செய்து முடித்தாள். பிறகு கேட்டாள், "ஹாய்ட் எதுக்கு?"

"அவன் ட்ரக்ல இருந்தானே."

"தூங்கிட்டு இருந்தான்."

"இருந்தானில்ல? வழக்கம்னா வழக்கம்." அவன் குரலில் நேர்மையானவனின் அலுப்பு இருந்தது. "நீ அங்க இல்லையே வெர்லீன்."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சிப்பாய்களின் சவப்பெட்டிக்குப் பின்னால் அதைப் பாடினார்கள். ஓலெட்டா தம்பியின் அடக்கத்திலும் பாடினார்கள். வெர்லீன் முன் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்க, அவள் அழுவது பாட்டுக்காக என்று நினைத்து டார்சி தோளைத் தட்டிக்கொடுத்தான். பேட்டிகளில் அந்த வரி வண்டி ஓட்டும்போது வானத்திலிருந்து விழுந்தது என்றான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் வாக்கியங்களைக் குறைத்துக்கொண்டாள். உப்பு, பால், வாடகை என்று பேசினால் பாட்டாகாது. டார்சிக்கு அப்படி ஒரு வெற்றி மறுபடி அமையவில்லை. கற்பனை வற்றிவிட்டது என்று குடித்தான். ஏன் பிரிந்து போகவில்லை என்று ஓலெட்டா ஒருமுறை கேட்டதற்கு, "பாவம், டைப் அடிக்க ஆள் கெடைக்காமத் திண்டாடுவான்" என்றாள் வெர்லீன். சிரிப்பதா வேண்டாமா என்று ஓலெட்டாவுக்குப் புரியவில்லை.

டார்சி ஈரல் கெட்டுச் செத்தான். வெள்ளம் வந்தது, வடிந்தது. காகிதங்கள் ஃப்ரீசரிலிருந்து ஒவ்வொரு கட்டாக வெளியே வந்து, மின்விசிறிக்குக் கீழே காய்ந்து, மறுபடி பெட்டிகளுக்குள் போயின. அப்புறம் ஒரு பல்கலைக்கழக நூலகம் அவற்றைக் கேட்டு ஆளனுப்பியது.

வந்தவள் பேர் ரெனாட்டா கிம்ப்ரோ. நாற்பதைத் தொடுகிறவள், தன்மையானவள். சாப்பாட்டு மேஜையில் பெட்டிகளைப் பிரித்து, துருப்பிடித்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூன்றாவது தடவை வந்தபோது அந்தத் தாள் அகப்பட்டது. டார்சி கையெழுத்தில் முதல் பிரதி, ஓரத்தில் வெள்ளக் கறை. ரெனாட்டா கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தன் அப்பாவுக்கு அந்தப் பாட்டு உயிர் என்றாள். நூலகத்தில் நிரந்தரக் காட்சிக்கு வைக்கப் போவதாகவும், பக்கத்தில் பாட்டு பிறந்த கதையை எழுதிவைப்பதாகவும் சொன்னாள்.

அது என் வரி என்றாள் வெர்லீன். பணம் காசு வேண்டாம், அந்தக் கதையில் அதை மட்டும் எழுதினால் போதும்.

ரெனாட்டாவின் முகம் மாறவில்லை. மாறாமல் இருக்க அவள் பட்ட பாடுதான் தெரிந்தது. இந்த ஊரில் எந்த விதவையைக் கேட்டாலும் வெற்றிப்பாட்டை எழுதியது தான்தான் என்பாள். அதற்கென்று பழகிவைத்த மரியாதை அது. "எழுதறப்போ நீங்க அறையில இருந்தீங்களா மிஸ் வெர்லீன்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க டார்சி எழுந்து வரப்போவதில்லை. ஆனால் அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். "இல்ல" என்றாள்.

அந்த வரியை எப்போது, எதற்காகச் சொன்னாள் என்று ரெனாட்டா கேட்டிருந்தால் ஒருவேளை வாய் திறந்திருப்பாள். ரெனாட்டா கேட்டது, அதற்குச் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று. வெர்லீனுக்கு அதில் நிம்மதிதான். பிள்ளையைப் பற்றி அந்நியர் முன்னால் தன் வாயால் சொல்வதைவிட, இன்னொருவர் சொல்லிக் கேட்பது சுலபம். "ஹாய்ட்டைக் கேளுங்க" என்றாள். ஹாய்ட் குடித்தால் அவளுக்கு ஃபோன் செய்து, 'உன் பாட்டுல நான் தின்னுட்டிருக்கேன் கண்ணு' என்று அழுகிறவன். குடியை விட்டபின் அந்த ஃபோன் வருவதில்லை. இவள் கூப்பிட்டுக் கேட்டதும், சொல்லாமல் இருப்பேனா, கூட்டி வா என்றான்.

ஹாய்ட்டுக்கு ஹெண்டர்சன்வில்லில் ஏரியைப் பார்த்த வீடு. வெர்லீன் செஸ் பை என்கிற வெண்ணெய் இனிப்பைச் செய்து எடுத்துப் போயிருந்தாள், தலைமுடியும் செட் செய்திருந்தாள். ரெனாட்டா பதிவுக் கருவியை மேஜையில் வைத்து, அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டாள்.

ஹாய்ட் தொண்டையைச் செருமினான். இருபது முப்பது வருஷமாக மதுக்கடை மேடைகளில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாடுவதற்கு முன்னால் பாட்டின் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய தொண்டை. "நல்ல மழை" என்று ஆரம்பித்தான். "ட்ரக்ல நானும் டார்சியும். வைப்பர் வேலை செய்யல. அவன் மெட்ட முணுமுணுக்கறான், வரி வரமாட்டேங்குது. நான் கண்ணாடியத் துடைச்சிட்டே சொன்னேன், பேர் வெச்சேன், முகம் பாக்கல. டார்சி வண்டிய ஓரம் கட்டிட்டு அழுதுட்டான்." எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தினான். ரெனாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் காருக்குக் கருவியை எடுத்துப் போன இடைவெளியில் வெர்லீன் கேட்டாள். "நீ தூங்கிட்டிருந்தே ஹாய்ட். பூவ மடியில வெச்சுட்டு."

"எந்தப் பூ?"

"எனக்குக் குடுக்கறதுக்கு வாங்கிட்டு வந்த பூ."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்; அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றுகிறவனாக இருந்தால் ஒரு அறை விட்டிருக்கலாம். "டார்சி உனக்கு என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது கண்ணு" என்றான் மெல்ல, மனசு புண்பட்டவன் போல. "நீதான் அங்க இல்லையே." பிறகு அவள் கொண்டுவந்த இனிப்பில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினான்.

வீட்டுக்கு வந்தவள் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தத் தாளை எடுத்தாள். எரித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எரித்தால் என்ன மிஞ்சும்? கல்லறைக் கல் கிடையாது, ஆஸ்பத்திரி தந்த காகிதம் கிடையாது. அந்தப் பிள்ளை வந்து போனதற்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரு வரிதான். அதுவும் டார்சியின் கையெழுத்தில். ஒரு பென்சிலை எடுத்து வெள்ளக் கறைக்குப் பக்கத்தில் எழுதினாள்: லைல். மறுநாள் ரெனாட்டா கொண்டுவந்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பெட்டிகள் வேனில் ஏறிப் போயின. ஃப்ரீசரில் ஓலெட்டா கொடுத்த கோழியை வைத்தாள்.

மறு வசந்தத்தில் காட்சி திறந்தது. கூட்டம் முடியட்டும் என்று ஒரு வாரம் விட்டு, பேருந்து பிடித்துப் போனாள். கண்ணாடிக்குள் தாள் மங்கின வெளிச்சத்தில் கிடந்தது. பக்கத்தில் அட்டை: மழை, ட்ரக், வைப்பர், ஹாய்ட். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. ஓரத்தில் பென்சிலில் காணப்படும் லைல் என்ற பெயர், போரில் உயிரிழந்த, ஹாய்ட் பேர்ட்வெல்லின் சிநேகிதனுடையது. பாட்டு அவன் நினைவாக எழுதப்பட்டது.

வெர்லீன் இரண்டு தடவை படித்தாள். பிறகு மாடியேறிப் போய் ரெனாட்டாவின் அறைக்கதவைத் தட்டினாள். அது என் பிள்ளை என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தத் தடவை அந்நியர் என்றுகூடப் பார்ப்பதாக இல்லை.

ரெனாட்டா சந்தோஷமாக எழுந்து வந்தாள். "பாத்தீங்களா மிஸ் வெர்லீன்? அந்தப் பேரு யாருன்னு தெரியாமத் தவிச்சுப் போயிட்டோம். உங்களையே கேக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள பேர்ட்வெல் சார் சொல்லிட்டார். கேட்டதும் டக்குனு வந்துருச்சு அவருக்கு."

"என்ன சொன்னான்?"

"அவங்க ஊர்ப் பையனாம். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வரலையாம். பத்தொன்பது வயசு."

வெர்லீன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது என்று உதடு மட்டும் அசைந்தது.

"உக்காருங்க மிஸ் வெர்லீன். தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று தலையசைத்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள், அதன் பிடியைத் திருகினாள். வந்த வேலையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "வேற என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

இடது கைக்காரன், கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பான். எப்போதும் பசி, அக்கம்பக்கத்துச் சமையலறைகளில் புகுந்து சோள ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டுப் போவானாம், யாரும் கோபித்துக்கொண்டதில்லையாம். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். ரெனாட்டா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வெர்லீன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கன்னம்?"

"அது கேக்கல. வேணும்னா பேர்ட்வெல் சார் கிட்ட இன்னொரு தடவை கேக்கலாம். நெறைய ஞாபகம் வெச்சிருக்கார்."

"கேளுங்க" என்றாள் வெர்லீன். "கேட்டா சொல்லிட்டே இருப்பான்."