குரலை மறைத்த அப்பா

எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை நன்கு அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கும்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா எதையும் லேசில் நம்புகிறவர் அல்லர். மகள் நானும் அப்படித்தான்.

தாமல் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தார். பத்தாவதோடு படிப்பை விட்டு, பம்புசெட் பழுது பார்க்கக் கற்றார். என் பள்ளிக்காகச் செவிலிமேட்டுக்குக் குடிவந்தார். மோட்டார் ஓடும் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனாலும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

நான் டாக்டர் படிப்பை முடித்து, காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு என்றதும் கண்ணை இடுக்கினார்.

"காது கொடையறதுக்கு மூணு வருசப் படிப்பா? இருதய டாக்டர் சீட்டு கெடைக்கலன்றத மறைக்கிறியாமா?"

நான் சொன்னதை நம்பாமல் என் தோழியிடமும் விசாரித்தார்!

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் போனில் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் அம்மா, "குளிச்சிக்கினு இருக்காருமா" என்பார். ஒரு மனிதர் எத்தனை முறைதான் குளிப்பார்? வந்த வரனை நான் தட்டிக்கழித்த கோபம் என்றே சந்தேகப்பட்டேன். வீம்புக்கு நானும் ஊர்ப்பக்கம் போகவில்லை.

தேர்வு முடிந்து வீட்டுப்படி ஏறினேன். "வாம்மா" என்றார். கரகரத்து, காற்றாய்க் கசிந்த குரல். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

"எத்தினி நாளாப்பா இப்படி இருக்குது?"

"மூணு மாசமா. உன் காதுல விழுந்தா கண்டுபுடிச்சிடுவ. படிச்சிக்கினு இருக்கறவள எதுக்குக் கலைக்கணும்? இப்ப பாரு. வேற டாக்டர நான் நம்ப மாட்டேன்."

யாரையும் நம்பாத அப்பா என் காதை மட்டும் நம்பியிருக்கிறார். நான்தான் அவரைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன். பாவி, ஒரு நடை போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

தொண்டைப் புற்று முற்றியிருந்தது. என் ஆசிரியர்களே அறுவை செய்து குரல்வளையை எடுத்தார்கள். அதன்பின் ஏழு மாதம், பேச்சின்றி, சிலேட்டில் எழுதிக்காட்டியபடி இருந்தார். கடைசி வாரத்திலும் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்த பிறகே விழுங்கினார்.

ரத்தம் கொடுத்த செவிலிமேட்டு அண்டை வீட்டாருக்கும், சோறு சுமந்து வந்த தாமல் உறவினருக்கும் எங்கள் நன்றி. அப்பாவின் குரல் கெட்டது தெரிந்தும் எனக்குச் சொல்லாதவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். அவர் சத்தியம் வாங்கியிருப்பார். கோபம் இல்லை என்றால் அது பொய். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால், அவர் வேண்டாம் என்றாலும் எனக்குப் போன் போட்டு அவர் வாயருகே பிடியுங்கள். நான் கேட்கிறேன்.

— மகள்