உள்ளே ஆள் இருக்காங்க

எங்கள் மருத்துவமனையில் அவரை எல்லோரும் வாசலக்கா என்றுதான் கூப்பிடுவோம். கட்டடத்துக்குள் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் வெளியே பேச வேண்டுமானால் அவர் பார்த்துக்கொள்ளும் ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே அதை மேய்ப்பார். முன்பு இங்கேயே டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும் லைனைப் பாதியில் வெட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது.

"வீட்டுலயும் அப்படித்தான், யார் பேச்சையும் வெட்ட மாட்டா. அதனாலதான் எங்க சண்டை முடியறதே இல்ல" என்பார் அவர் கணவர்.

அன்று என் தம்பிக்கு இதயக் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பெரிய டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்லச் சொல்ல, எங்கள் டாக்டர் செய்தார். நான் இங்கே எலக்ட்ரீஷியன். இருந்தும் ஆபரேஷன் தியேட்டர் கதவு முன்னால் நிற்க எனக்குத் தெம்பில்லை. அக்காவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

வந்து சேர்ந்தார் மேனேஜர். "இன்சூரன்ஸ்காரங்க சர்வர் முகவரி மாறிடுச்சாம், பில் கவுண்டர் மொத்தமும் நிக்குது. அதை மாத்திட்டு ப்ராக்ஸியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா."

"ஆஃப் பண்ணா தியேட்டர் வீடியோ போயிடும் சார்."

"ஒரு நிமிஷம்தானே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை ஃப்யூஸ் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். அக்கா முகவரியை மாற்றினார். எழுதியது சரியா என்று முதலில் சர்வரையே கேட்டார். அது அவர் வழக்கம். ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருப்பதாகப் பதில் வந்தது. ஆஃப் செய்திருந்தால் திரும்ப எழுந்தே இருக்காது. அவர் நிதானமாகத் திருத்திவிட்டு, நிறுத்தாமலே புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தார். இனி வருகிறவர்களை ப்ராக்ஸியின் புதுப் பிரதி, அதாவது புது ப்ராசஸ், வாங்கிக்கொள்ளும். பழையது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை இருந்துவிட்டுத் தானாகப் போகும். கவுண்டர் ஓட ஆரம்பித்தது.

பழைய ப்ராசஸ் மட்டும் திரையில் ஒரு வரியாக நின்றது.

"இது எதுக்கு இன்னும் தொங்குது? அதையும் கில் பண்ணிடுங்க" என்றார் மேனேஜர்.

அக்கா கீபோர்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"உள்ளே ஆள் இருக்காங்க சார்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நாங்கள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இருக்கிறவரை தம்பி இருக்கிறான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. திடீரென்று வரி காணாமல் போனது. நான் துள்ளி எழுந்தேன்.

அக்கா சர்வரின் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தார். "அறுந்து போகலப்பா. அவங்களே பேசி முடிச்சுட்டு வச்சிருக்காங்க. ஓடு."

ஓடினேன். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். முழு நினைவோடு படுத்திருந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"செருப்பு எங்கண்ணே?"