ஐந்தாவது சத்தம்

6.40-க்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். குளியலறைக் கதவைத் திறந்தே வைத்துக் குளித்தேன். இரண்டு டோஸ்ட்டில் வெஜிமைட் தடவி நின்றபடியே தின்றேன். 8.05-க்குக் காரை எடுத்தேன். நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டேன். பர்னியில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம். வெளியே நான்கு டிகிரி.

இனி எழுதுவது எல்லாம் நடந்தது. நம்புவது உங்கள் இஷ்டம். அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பதற்கு நோலீன் சாட்சி. ஸ்கேன் எடுப்பவர் அவர்தான்.

கதவைத் திறந்து வைப்பது என் மனைவி ப்ரைடியின் பழக்கம். அவளுக்கு அடைபட்ட இடம் ஆகாது. ஆறு மாடியானாலும் படிதான், லிஃப்ட் கிடையாது. ஸ்வெட்டர் தலையில் ஒரு நொடி சிக்கினாலும் அலறிவிடுவாள். கடைசி ஆண்டில் அவளுக்கு ஆறு முறை தலை ஸ்கேன், ஆளைக் குழாய்க்குள் தள்ளி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒவ்வொரு முறையும் குழாய்க்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் இடது பாதத்தைப் பிடித்துக்கொள்வேன். மெஷின் விட்டு விட்டுச் சத்தம் போடும்; ஒரு சத்தம் முடிந்தால் குதிகாலில் ஓர் அழுத்து. அதை எண்ணிக்கொண்டே உள்ளே கிடப்பாள்.

ஆறாவது ஸ்கேனில் நான் தூங்கிவிட்டேன். அதற்கு முன் மூன்று இரவு கண் மூடவில்லை. காதில் அடைப்பான் வேறு. விழித்தபோது நோலீன் கட்டிலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ப்ரைடிக்கு நினைவு தப்பியிருந்தது. தலைக்குள் ரத்தக் கசிவு. மாலைவரைதான் உயிரோடு இருந்தாள். பேசவில்லை. அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்து அவள் கையிலேயே இருந்தது. அமுக்கவில்லை.

உள்ளே கிடந்து என்னைக் கூப்பிட்டாளா? பதினான்கு மாதமாக இதைத்தான் யோசிக்கிறேன்.

அவள் பயம் இப்போது எனக்கு வந்துவிட்டது. காதில் ஓயாத இரைச்சல். கட்டியா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு முறை அதே குழாய்க்குள் போனேன். இரண்டு முறையும் நான்காம் நிமிடத்தில் பந்தை அமுக்கிவிட்டேன்.

"வாப்பா ஆங்கஸ். இன்னைக்கும் ஓடுறதா இருந்தா ஷூவக் கழட்டாத," என்றார் நோலீன்.

"ஓடமாட்டேன்."

"போன வாட்டியும் இதத்தான் சொன்ன. மோதிரத்தக் கழட்டு."

லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சாவியை அவர் வாங்கிக்கொண்டார்.

9.12. தலைக்கு மேல் கூண்டை மாட்டினார். அதில் சின்னக் கண்ணாடி. என் கால்கள் தெரிந்தன. அதற்கு அப்பால் ஒரு காலி நாற்காலி, சுவர்க் கடிகாரம். கட்டில் உள்ளே நகர்ந்தது.

டக்... டக்... டக்... முதல் சத்தம். மூக்குக்கு மேல் ஒரு சாண் இடமில்லை. மூச்சு அடைத்தது. விரல்கள் பந்தின் மேல் இறுகின.

9.15. யாரோ என் இடது பாதத்தைப் பிடித்தார்கள்.

நோலீன் என்று நினைத்தேன். அப்போது அவர் குரல் ஹெட்போனில் வந்தது. "நல்லா இருக்க. ஆடாம இரு." கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார்.

நாற்காலியைப் பார்த்தேன். காலி.

சத்தம் நின்றது. குதிகாலில் ஓர் அழுத்து.

ப்ரைடி... தலையை ஆட்டாமல் அழுதேன்.

இரண்டாவது சத்தம். அழுத்து. மூன்றாவது. அழுத்து. பிறகுதான் உறைத்தது. கை பெரிதாக இருந்தது. சுண்டுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் அப்படித்தான், ஃபுட்பாலில் உடைந்த விரல். அந்தக் கையில் மோதிரம் இருந்தது.

நான்காவது முடிந்தது. அழுத்து வரவில்லை.

9.26. ஐந்தாவது. பிடி தளர்ந்தது. திடுக்கிட்டு இறுகியது. மறுபடி தளர்ந்தது...

நழுவியது.

பாதம் சில்லிட்டது.

சத்தம் நின்றது. காலடியில்... குறட்டை.

என் குறட்டை.

பந்தை அமுக்கவில்லை. அவனை எழுப்ப மனம் வரவில்லை.

9.47. வெளியே வந்தேன்.

"ஜெயிச்சிட்டியேப்பா!" என்ற நோலீன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். எல்லாம் சொன்னேன். அவர் லாக்கரைத் திறந்தார். மோதிரம் வைத்த இடத்தில் இருந்தது. எடுத்தேன். சற்றுமுன் விரலிலிருந்து கழற்றியதைப் போல் சூடாக இருந்தது.

காதில் கட்டி இல்லை என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் அன்று நோலீன் சொன்னது வேறு.

"அன்னைக்கும் அஞ்சாவதுலதான் உன் கை நழுவிச்சு. நான் பார்த்தேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "தாங்கமாட்டேன்னுதான் இத்தன நாள் சொல்லல."

"எதை?"

"மைக்ல அவகிட்ட கேட்டேன். 'உன் ஆளு தூங்கிட்டாம்மா, போய் எழுப்பட்டுமா'ன்னு. 'வாயப் பொளந்துக்கிட்டா?'ன்னா. ஆமான்னேன். சிரிச்சா."

"அப்புறம்?"

அப்புறம் ப்ரைடி ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. நோலீன் அதை அப்படியே சொன்னார்.

"பயமாத்தான் இருக்கு நோலீன். ஆனா அவன எழுப்பாதீங்க."