ஜப்பான்காரன் கிணறு

மலாயாவில், காஹாங் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் கைப்பம்பு வைத்த துளைக்கிணறு ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் கிணறு என்பார்கள். அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்களைக் கல்யாண வீடுகளில் பார்த்தால், யாராவது ஒருவர், “என்ன இருந்தாலும் ஜப்பான்காரன்தான்லா நமக்கு நல்ல தண்ணி காட்டுனான்” என்று ஆரம்பிப்பார். அதற்குமேல் எனக்கு இலையில் இருக்கும் சோறு இறங்காது. அந்தக் கிணற்றுக்காக ஜப்பான்காரன் ஒரு பிடி மண் அள்ளியது கிடையாது.

அவனுக்கு முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரை மட்டும் என்ன வாழ்ந்தான்? துளை போடும் கருவியே அவனுடையதுதான். மூன்று கால் நட்டு, கப்பியில் கயிறு தொங்கவிட்டு, ஒன்றோடொன்று திருகும் இரும்புக் குழாய்களை நாலு பேர் சுற்றிச் சுற்றி வந்து மண்ணுக்குள் இறக்குவார்கள். மொத்தத்தையும் கழற்றி ஒரே மாட்டுவண்டியில் ஏற்றி, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். துரை அதை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோனான். பங்களாப் பூந்தோட்டத்துக்கு. ரோஜாச் செடி தழைத்ததும் கருவிக்குக் கிரீஸ் பூசி ஸ்டோரில் பூட்டிவிட்டான். பங்களாவிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் இருந்தது. நாங்கள் குடித்தது அல்லூர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வாய்க்காலில் ஓடிய கலங்கல் தண்ணீர். அதில் துணியும் துவைத்தோம், மாடும் குளித்தது. துணியில் வடிகட்டினால் அட்டை நெளியும்.

சண்டை வந்தது, துரை சிங்கப்பூருக்கு ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். முதல் காரியமாக ஆள் பிடித்தான். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி உண்டு, சம்பளம் உண்டு என்றார்கள். முதல் லாரியிலேயே என் அப்பா போனார். நான் கையசைத்து அனுப்பினேன். மூன்று மாதம் போய் அதற்கு மேலும் ஆயிற்று. ஒருநாள் மத்தியானம் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், எலும்பும் தோலுமாக, எங்கள் லயத்துப் பின்கட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவர் பேச வாயெடுத்ததும் பிள்ளைகளையெல்லாம் வெளியே விரட்டிவிட்டார்கள். உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. பெரியவர்களுக்கு அழ ஏதாவது காரணம் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் கல்லாங்காய் ஆடப் போனேன்.

பிறகு தோட்டத்தில் பட்டாளத்துக்குக் கூடாரம் போட ஏற்பாடாயிற்று. பட்டாளத்துக்கும் லயத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு வேண்டும் என்றான் அதிகாரி. துரை காலத்தில் அந்தக் கருவியைப் பிடித்துப் பழகியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரையும், அவர் கேட்ட நாலு ஆட்களையும் கிணற்று வேலையில் போட்டார்கள். கிணறு முடிகிற வரைக்கும் அவர்களைச் சயாம் லாரியில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. அந்த நாலு பேரில் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் புருஷனும் ஒருவர்.

நான் சந்தோஷத்தில் மிதந்தேன். இனிமேல் அல்லூருக்கு நடக்க வேண்டாம். என் மாமாதான் தண்ணீர் கொண்டுவரப் போகிறார் என்று லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

தண்ணீர் வரவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் துளை போட்டார்கள், பாறை என்றார்கள். கருவியைக் கழற்றி மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் நட்டார்கள், அங்கேயும் பாறை. பலாமரத்தடியிலும் பாறை. அதிகாரி கத்துவான், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொல்லுவார், மாமா குனிந்து வணங்கிவிட்டு வண்டியைப் பூட்டுவார். இதற்குள் லயத்தில் வயிற்றுக்கடுப்பு வந்துவிட்டது. என் தம்பி வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தான். அம்மா அல்லூர்த் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி அவனுக்கு ஊட்டினாள்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், விறகு பொறுக்கப் போன நான், பலாமரத்துக்கு அப்பால் நின்று பார்த்தேன். துளைக்குள்ளிருந்து சேறு அள்ளும் குழாயை மாமா மேலே இழுத்தார். அதிலிருந்து கொட்டியது தண்ணீர். பளிங்குத் தண்ணீர். ஆளுக்கு ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார்கள். மிச்சத்தைப் புதரில் ஊற்றினார் மாமா. பிறகு மஞ்சள் களிமண்ணை உருட்டி உருட்டித் துளைக்குள் போட்டு, கம்பால் இடித்து அடைத்தார்.

வீட்டுக்கு ஓடி, மூச்சிரைக்க அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைவிட்டு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

“வெளிய ஒரு வார்த்த போச்சு, தோல உரிச்சிருவேன்” என்றாள்.

ஆக, அவளுக்கும் தெரியும். பெற்ற பிள்ளை சாகக் கிடக்கிறான், தம்பிக்காரன் தண்ணீரை ஒளித்து வைக்கிறான், இவள் அவனுக்குப் பரிந்து பேசுகிறாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

என் தம்பி பிழைத்துக்கொண்டான். சின்னம்மாவின் பெண் குழந்தை பிழைக்கவில்லை. புதைத்துவிட்டு வந்த அன்று மாமா எங்கள் வீட்டு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நாளைக்கே தண்ணிய எடுத்துர்றேன் அக்கா, என்னால முடியல” என்றார். சுவரில் சாய்ந்திருந்த சின்னம்மாதான் பேசினாள்.

“வேணாம் தம்பி. போனது போயிருச்சு. இருக்கறவங்களாவது இருக்கட்டும்.”

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டாமா? இந்த லயத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

கடைசியில் தண்ணீரை வெளியே கொண்டுவந்தது மழைதான். ஆண்டுக் கடைசி மழை, விடாமல் அடித்தது. மேட்டுக்குக் கீழே கடைசியாகப் போட்டு, அதையும் அடைத்திருந்த துளையில் குழாயை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் அதிகாரி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது, அந்தக் குழாய் களிமண் அடைப்பைக் கக்கிவிட்டுத் தானாகவே வழிய ஆரம்பித்தது. மாமா அதைக் கையால் பொத்தப் பார்த்தார். விரல் இடுக்கில் பீறிட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினான்.

நான் கைதட்டிக் குதித்தேன். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமாவின் கையாலேயே பம்பையும் மாட்ட வைத்தார்கள். லயமே அங்கே குடம் வைத்தது. சின்னம்மாவும் அம்மாவும் மட்டும் பழையபடி அல்லூருக்கே நடந்தார்கள். என்ன வீம்பு இது என்று எனக்குப் பொறுக்கவில்லை.

கிணற்று வேலைதான் முடிந்துவிட்டதே, மாமாவையும் அந்த நாலு பேரையும் ஏற்றிப்போக அடுத்த லாரி வந்தது. அந்தக் காலையில்தான் அம்மா முதல்முறையாகப் பம்புக்குப் போனாள். கழுவிக் காயவைத்த போத்தல் ஒன்றில் வாய்வரை தண்ணீர் பிடித்து, வழிக்கு என்று மாமாவிடம் கொடுக்க எடுத்துப் போனாள். எங்களுக்கு ஒரு சொட்டுக் காட்டாத மனிதருக்கு அம்மா கையால் முதல் தண்ணீரா? லாரிக்குப் பக்கத்தில் நின்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவள் தக்கையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மாமா மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவரும் அப்பாவும் சேர்ந்து திரும்பி வரும் அன்றைக்கு, அப்பா முன்னாலேயே அவரை நிற்க வைத்துக் கேட்பது என்று கேள்வியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.