கூடைக் கயிறு

வெள்ளி வேலையில் உருக்கி ஒட்டுவதெல்லாம் சுலபம்; கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கடையில் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லித்தானா தெரியவேண்டும்!

கண்டி டவுனில் என் கடை சின்னது. தேயிலைத் தோட்டத்துச் சங்கதிகளைத்தான் வெள்ளியில் செய்கிறேன். கொழுந்துத் தோடு, சங்கிலியில் தொங்கவிட கூடை சுமந்த பெண் பென்டன், இப்படி. நான் ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், அம்மா இன்றைக்கும் அங்கே கொழுந்தெடுக்கிறார் என்பதை மட்டும் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது இலை

முதலில் செய்த கொழுந்துத் தோட்டுக்கு, பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்று மூன்று இலை வைத்தேன். அவசரத்தில் செய்தது என்றும் சொல்ல முடியாது, ஒரு கிழமை உட்கார்ந்து செய்தது. மகளின் சடங்குக்குத் தோடு பார்க்க வந்த தோட்டத்து அக்கா ஒருவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்றார். ஏதோ படத்தில் பார்த்தேன் என்று புளுகினேன்.

"ரெண்டு எலயும் மொட்டுந்தான் தம்பி கொழுந்து. இந்த மூணாவது முத்தல், கூடையில போட்டா கங்காணி ஏசுவாரு."

பஸ்ஸில் பார்த்தது

கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வருவார். ஒருநாள் கூடைப் பெண் பென்டனில் சொக்கிப்போய், "தோட்டத்தில உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் என் நாக்கு எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் புரளுமோ! இல்லை மிஸ், நாவலப்பிட்டி பஸ்ஸில் போகும்போது பார்த்தது என்றேன். காது இரண்டும் சுட்டது.

"பஸ்ஸில இருந்து பாத்தே இவ்வளவு வடிவாச் செய்திருக்கிறீங்களா? கெட்டிக்காரன்தான்!"

சும்மா பார்க்க வந்தவர்

அந்த மிஸ் மறுபடி வந்து பென்டன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் கண் காட்ட டவுனுக்கு வந்தவர், இரண்டு வருஷமாக நான் கூப்பிடாத கடையை விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். என் பேரைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்: "வாங்க, என்ன வேணும் ஒங்களுக்கு?" முன்பின் தெரியாத ஆளைக் கேட்கிற குரல்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டார். கூடைக் கயிறு வருஷக்கணக்காக அழுத்தி உச்சியில் முடி கொட்டிப்போன இடம் அது. பார்த்தால் கொழுந்தெடுக்கிறவர் என்று தெரிந்துவிடும். எனக்காகத்தான் மூடினார். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

பெட்டிமேல் கிடந்த பென்டனை எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்தார். கொண்டை அழகாக வரவேண்டும் என்று, பள்ளிக்கூடப் பை மாதிரி கூடைக் கயிற்றை அந்த வெள்ளிப் பெண்ணின் தோளில் மாட்டியிருந்தேன். கயிறு அழுத்திய அம்மாவின் தலைக்கு எத்தனையோ நாள் எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். அம்மா பென்டனை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"கயிறு தலைக்கு வரணுங்க ஐயா, தோளுக்கு இல்ல. நா சும்மா பாக்கத்தான் வந்தேன், வாறேனுங்க."

அன்றிலிருந்து என் கடையில் எல்லாக் கூடைக்கும் கயிறு தலைக்குத்தான் வருகிறது, அம்மாதான் வருவதில்லை.